பிள்ளை வரும் வீட்டுக்கு அடிக்கும் மருந்து

அன்புள்ள தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ ரெலிபோனில் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பை மூட்ட மறந்துபோய், அப்பா வந்து "என்னப்பா, இண்டைக்குச் சோறு பச்சையாவே?" என்று கேட்ட பிறகுதான் எழும்பினேன். "சுபாவையும் பிள்ளையையும் கூட்டிவர முன்னம் வீடு முழுக்க மருந்து அடிக்கப்போறன் அம்மா. ஆளுக்குச் சொல்லியாச்சு, வாற வெள்ளிக்கிழமை வாறான்" என்றாய். நான் வாயைத் திறக்க முன்னம், "ஓம் அம்மா, ஓம் அம்மா, எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய "ஓம் அம்மா" இரண்டு தரம் வந்தால் நீ கேட்கவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்கு வந்து நேரில் சொல்லலாம் என்று பார்த்தால், வெள்ளவத்தையிலிருந்து அங்கே வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் பஸ்ஸை மறிப்பார்கள், எத்தனை இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிப் பையைத் திறந்து காட்டவேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். என் முழங்கால் இனி அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்கு நீ "ஓம் அம்மா" சொல்லி இடையில் வெட்ட முடியாது.

முதலில் ஒன்று. உன் வீட்டில் கரப்பான் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போன மாதம் வந்தபோது உன் குசினியில் என்னைக் கண்டு பயப்படாமல், நான் விலகிப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்ற ஒன்றை நானே செருப்பால் அடித்தேன். அந்தக் கட்டடம் பழையது, கீழே சாப்பாட்டுக் கடை, பின்னால் கழிவுநீர்க் கான். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்து, வத்தளையில் தாய் வீட்டிலிருந்து சுபா முதல்முதல் பிள்ளையோடு உன் வீட்டுக்கு வரப்போகிறாள். வீடு துப்புரவாக இருக்கவேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பது நல்ல விஷயம். அதில் எனக்குச் சந்தோஷம்தான். சொல்லப்போனால், நீ உன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாய் என்றே நான் எதிர்பார்த்தவள் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும். நீ அந்தக் கதைக்குள் இருந்தாய். ஆனால் உனக்கு அது தெரியாது.

உனக்கு அப்போது எட்டு வயது. ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையில் அந்த அனெக்ஸில் இருந்தோமே, ஒரு அறையும் ஒரு சின்னக் குசினியும். தெருப்பக்க யன்னலை வீட்டுக்கார அன்ரி ஆணி அடித்துப் பூட்டியிருந்தா. எங்காவது குண்டு வெடித்தால் கண்ணாடி உள்ளே தெறிக்கும் என்று மிச்சக் கண்ணாடிகளுக்கெல்லாம் குறுக்கும் நெடுக்கும் பசை ரேப் ஒட்டியிருந்தது. பின்பக்கம் ஒரு யன்னல் மட்டும் அரைவாசி திறக்கும், அதையும் நாங்கள் அநேகமாகச் சாத்தித்தான் வைத்திருப்போம். சத்தமாகத் தமிழில் கதைப்பது வெளியே கேட்கக்கூடாது என்று. நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தோம். உனக்கு இருமல் விடாமல் இருக்க, நிலத்துக் குளிர்தான் காரணம் என்று அப்பா முடிவுகட்டி, மருதானையில் ஒரு பழைய கட்டிலும் மெத்தையும் வாங்கிவந்தார். மலிவு. ஏன் மலிவு என்று மறுநாள் காலையில் உன் முதுகைப் பார்த்தபோது தெரிந்தது. மூட்டைப்பூச்சி. கட்டில் பொருத்துகளில் ஒரு ஊரே குடியிருந்தது.

அப்பா கட்டில் விற்றவனிடம் சண்டைக்குப் போனார். உன் அப்பா சண்டைக்குப் போனால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. போய்ச் சிரித்துக் கதைத்துவிட்டு, கையில் ஒரு போத்தலோடு திரும்பி வந்தார். அந்த ஆளே பக்கத்துக் கடையில் சொல்லி வாங்கிக் கொடுத்தானாம். "நல்ல மருந்து. தோட்டத்துக்கு அடிக்கிறது. ஒருக்கா அடிச்சா ஒண்டும் மிஞ்சாது" என்றார். பெரிய தகரத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தது. அதனால் லேபிள் ஒன்றும் இல்லை. ஒரேஞ் பார்லிக் குளிர்பானம் வாற கண்ணாடிப் போத்தல், உள்ளே பால் மாதிரி ஏதோ, மூடிக்குப் பதிலாகக் கடதாசி சுருட்டி அடைத்திருந்தது. நான் அதை வாங்கி, உனக்கு எட்டாத உயரத்தில், சீனிப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மருந்து என்றார், மருந்தை வைக்கிற தட்டில் வைத்தேன். உன் இருமல் பாணியும் அதே தட்டில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு அடிப்பதென்று முடிவு. அடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் இருந்து, பொழுதுபட்ட பிறகு வந்து எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். கடைக்காரன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான், அடித்த வீட்டுக்குள் நிற்கவேண்டாம் என்று. அந்த மட்டில் அவன் நல்லவன். அப்பா முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு கட்டில், மெத்தை, சுவர் ஓரம், அலுமாரிப் பின்பக்கம் எல்லாம் நனைய நனைய அடித்தார். நான் உனக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால் நீ அன்றைக்கு ஒரு குழப்படியும் இல்லை. கதவைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்க, முனையில் ஆமிக்காரர் நிற்கிறார்கள். சுற்றிவளைப்பு. ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் சொன்னார்கள்: எல்லோரும் வீட்டுக்கு உள்ளே இருக்கவேண்டும், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் வைத்திருக்கவேண்டும், வீடு வீடாக வருவார்கள்.

வெளியே நிற்க முடியாது. வேறு வீட்டுக்குப் போகவும் முடியாது. அந்தக் காலத்தில் எந்த வீட்டில் பதிந்திருக்கிறோமோ அந்த வீட்டில்தான் எங்களைக் காணவேண்டும். பக்கத்து வீட்டில் கண்டால் அதற்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு சந்தேகம், சந்தேகத்துக்கு ஒரு ஜீப். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், மூன்று பேரும் திரும்ப உள்ளே போனோம். பின்யன்னலைத் திறந்தோம். நான் அதில் உன்னை ஏற்றி இருத்தப் பார்க்க, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு ஆமிக்காரன் துவக்கால் சைகை காட்டினான், உள்ளே போகச் சொல்லி. பிறகு யன்னலையும் சாத்தினோம். உனக்கு நித்திரை வந்தது. எங்கே படுக்க வைப்பது? நிலமெல்லாம் ஈரம். வாங்கின கட்டிலின் மெத்தையும் நனைந்துதான் இருந்தது, மேலே ஒரு பெட்சீற்றை விரித்தால் போதும் என்று நினைத்து அதில் உன்னைப் படுக்க வைத்தேன்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனபோது பொழுது சாய்ந்துவிட்டது. வந்த பொலிஸ்காரன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே வராமலே அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனான். எங்களுக்கு அது நல்ல காலமாகப் பட்டது. கதவுகளைத் திறந்துவிட்டு உன்னை எழுப்பினேன். நீ எழும்பவில்லை. வாயிலிருந்து வீணீர் வழிந்து தலையணை முழுக்க நனைந்திருந்தது. கண்ணிலிருந்தும் தண்ணி. உடம்பெல்லாம் வியர்வை. கையைப் பிடித்தால் தசை துடிக்கிறது. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக எடுத்தாய். நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அன்ரிதான் ஓடிப்போய் ஒரு ஓட்டோவைப் பிடித்து வந்தா.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் லேடி டொக்டர், சிங்களப் பிள்ளை. உன் இமையைத் தூக்கி லைற் அடித்துப் பார்த்தா. கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "பெஹெத் மொனவத் துன்னத?" என்று கேட்டா. மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று. நான் அறிந்த சிங்களத்தில், இல்லை, ஒரு மருந்தும் கொடுக்கவில்லை என்றேன். அப்பாவும் தலையாட்டினார். கடவுள் அறிய நாங்கள் பொய் சொல்லவில்லை. இருமல் பாணிகூட அன்றைக்குக் கொடுக்கவில்லை. டொக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, என் சீலைத் தலைப்பைப் பிடித்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தா. பிறகு வேறு சொல்லால் கேட்டா. "கெதர வஸ மொனவாஹரி கெஹுவத?" வஸ என்றால் நஞ்சு. வீட்டில் ஏதாவது நஞ்சு அடித்தீர்களா என்று கேட்கிறா. தம்பி, அந்தக் கேள்வி விளங்கினபோதுதான் நாங்கள் என்ன செய்தோம் என்பதே எங்களுக்கு விளங்கியது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் நஞ்சு என்று ஒன்று இருந்ததில்லை. மருந்துதான் இருந்தது.

டொக்டர் உனக்கு ஊசி போடத் தொடங்கிவிட்டா. ஆனால் எது என்று தெரிந்தால் நல்லது, போத்தலைக் கொண்டுவரச் சொன்னா. அப்பா உடனே ஓடினார். வீட்டுக்குப் போய், கொஞ்சம் மிஞ்சியிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது காலிக்குப் போகும் பெரிய வீதிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்துவிட்டார்கள். இனி வருவதை அப்பா என்னிடம் ஒரே தடவையில் சொல்லவில்லை. வருஷக்கணக்காகத் துண்டு துண்டாகச் சொன்னதை நான் பொருத்தி வைத்திருக்கிறேன். பையில் என்ன என்று கேட்டிருக்கிறான் பொலிஸ்காரன். அப்பாவுக்குப் பதற்றம். வாயில் வந்தது பழகின சொல். "பெஹெத்" என்றார். பிள்ளை ஆஸ்பத்திரியில், மருந்து கொண்டுபோகிறேன் என்றார். பொலிஸ்காரன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் திருப்பி நீட்டினான். "பெஹெத் நம் பீலா பென்னப்பன்." மருந்தென்றால் குடித்துக் காட்டு.

அவனையும் குறை சொல்ல முடியாது. அப்போது தண்ணீர்ப் போத்தலைக்கூட ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் விடுவார்கள். அப்பா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டோக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான், பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கின்றன, நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய். சற்றுமுன் டொக்டரிடம் படித்த சொல்லைச் சொன்னார். "வஸ, மாத்தயா. மேக்க வஸ." ஐயா, இது நஞ்சு.

அந்தக் காலத்தில், கொழும்பு நடுரோட்டில், ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளை லேபிள் இல்லாத போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, இது நஞ்சு என்று தன் வாயால் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எந்தத் தண்ணித் தாங்கியில் கலக்கப் போகிறாய், யார் அனுப்பினது என்று கேட்டார்களாம். அவர் மகன், மூட்டைப்பூச்சி, மருதானைக் கட்டில் என்று உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே போயிருக்கிறது. கடைசியில் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் அவர் கிளார்க்காக வேலை செய்த வழக்கறிஞர் ஐயா கதைத்துத்தான், மூன்றாம் நாள் விட்டார்கள். அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலடியில் இருந்தேன். உனக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும், அப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பதும்தான் வேலை. இரண்டு பேரில் எவருக்காக முதலில் கும்பிட்டுக் கேட்பது என்று தெரியாமல் பிள்ளையாரோடு எனக்குக் கோபமே வந்தது. நீ கண்ணைத் திறந்து முதல் கேட்டது அந்த ஐஸ்கிறீமை. அப்பா எங்கே என்று கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். நீ பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லக்கூடாது என்று, உனக்கு வந்தது காய்ச்சல் என்றும், அப்பா போனது ஊருக்கு என்றும் அப்படியே வைத்துவிட்டோம். பொலிஸிலிருந்து வந்தவரின் இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்காது. நீ அதை வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதன் பிறகும் மூட்டைப்பூச்சி சாகவில்லை என்பதுதான் பெரிய பகிடி. எங்களைப் படுத்தின பாட்டில் அவைக்கு ஒரு தலையிடிகூட வந்திருக்காது. கட்டிலைப் பிரித்து அன்ரியின் மொட்டைமாடிக்கு ஏற்றி, பொருத்துப் பொருத்தாகக் கொதிதண்ணி ஊற்றினேன். மெத்தையை வெயிலில் போட்டுப் போட்டுப் புரட்டி, கடைசியில் எறிந்தேவிட்டோம். துணியெல்லாம் அவித்துத் தோய்த்தேன். கட்டில் சட்டத்து வெடிப்புகளை மெழுகால் அடைத்தேன். இரண்டு மாதம் எடுத்தது. இடுப்பு முறிந்தது, ஆனால் பூச்சி போய்விட்டது. உனக்கும் அதைத்தான் சொல்கிறேன், கேள். கரப்பானுக்கு வேண்டியது சாப்பாடும் தண்ணியும் ஒளிக்க ஒரு வெடிப்பும். படுக்கப் போகமுன் பாத்திரம் கழுவும் சிங்கைத் துடைத்துக் காயவிடு, குப்பையை வெளியே வை, மாவையும் சீனியையும் இறுக்கமான பேணிகளில் போடு, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைக் கொஞ்சம் சீமெந்து குழைத்து அடை. கானுக்கு வலை போடு. இரவில் நுளம்பு கடிக்கிறதென்று நுளம்புத்திரி கொளுத்தாதே. பிள்ளைக்கு நல்ல வலை ஒன்று வாங்கு, பூச்சாடித் தட்டில் தண்ணி நிற்க விடாதே. முட்டைக்கோவாவின் வெளி இலையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சமை. கறிவேப்பிலையையும் பச்சை மிளகாயையும் நன்றாக அலசு, அவற்றுக்குத்தான் தோட்டத்தில் கூட அடிக்கிறார்கள். வெளியில் போட்ட செருப்போடு உள்ளே வராதே. கடைசியில் எதற்காவது ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால், லேபிள் உள்ளதாய், வீட்டுக்கென்று செய்ததாய், வெடிப்புக்குள் மட்டும் வைக்கிறதாய்ப் பார்த்து வை. போத்தல் மாற்றி ஊற்றாதே. இதெல்லாம் சுபா உன்னை விடக் கெதியாகச் செய்வாள், ஆனால் பிள்ளை பெற்ற உடம்பு. நீ செய்.

அடிக்கிற ஆள், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், மணம் போய்விடும் என்று சொல்லுவான். மணம் போகும். அடித்தது எங்கே போகும்? நிலத்தில்தான் இருக்கும். இன்னும் சில மாதத்தில் உன் மகள் அந்த நிலத்தில்தான் தவழப் போகிறாள். தவழ்கிற பிள்ளை வீட்டைக் கையாலும் வாயாலும்தான் பார்க்கும். நீ அப்படித்தான் பார்த்தாய். ஊரில் எங்கள் அலுமாரிக் கால் முழுக்க உன் பல் அடையாளம் இருந்தது.

ஆஸ்பத்திரியால் வந்த கிழமை, அந்த வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். பூச்சிக்கு அடிப்பது எதுவானாலும் அதற்கு நஞ்சு என்றுதான் பெயர். நுளம்புத்திரியும் நஞ்சு, எலிக்கு வைப்பதும் நஞ்சு, பேனுக்குப் பூசுவதும் நஞ்சு. வீட்டுக்கார அன்ரிக்குப் பிடிக்கவில்லை. "விளக்கு வைக்கிற வீட்டில இதென்ன பிள்ளை அவச்சொல்லு? வாயில நல்ல சொல் வரவேணும்" என்றா. அவ சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கெட்ட பெயரை வீட்டுக்குள் சொல்லக் கூசுகிறவர்கள். அதனால்தான் அதற்கு மருந்து என்று நல்ல பெயர் வைத்து, நல்ல தட்டில் வைக்கிறோம். நீ வளர்ந்த பிறகு உன் சிநேகிதப் பெடியளிடம், "எங்கட அம்மா நுளம்புத்திரியையும் நஞ்சு எண்டுதான் சொல்லுவா, கொஞ்சம் லூஸ்" என்று சொல்லிச் சிரித்ததை நான் குசினிக்குள் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு உங்களுக்குத் தேத்தண்ணி போட்டேன். பிறகு நீயும் எல்லோரையும் போல மருந்து என்று சொல்லத் தொடங்கிவிட்டாய். திருத்தித் திருத்தி நானும் களைத்துப்போனேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. திரும்பவும் பதிவு, திரும்பவும் சுற்றிவளைப்பு. எது எப்போது முடியும் என்று கேட்பதையே விட்டுவிட்டோம். வெளியில் நடப்பதில் ஒன்றையும் என்னால் நிறுத்த முடியாது. பிள்ளையின் கட்டிலடியில் என்ன அடிப்பது என்பதையாவது நாங்கள் தீர்மானிக்கலாம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் உன் வெள்ளிக்கிழமைத் திட்டத்தைச் சொன்னேன். கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்லிவிட்டேன் போல. பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போத்தில்ல லேபிள் இருக்கோ எண்டு கேட்டனியோ?" என்றார். அவ்வளவுதான். பேப்பரின் பக்கத்தை அவர் அதற்குப் பிறகு திருப்பவில்லை.

உன்னைத் தடுக்க எனக்கு இனித் தெம்பில்லை, தம்பி. வீடு உன்னுடையது, பிள்ளை உன்னுடையது. எனக்காக ஒன்றே ஒன்று செய். வெள்ளிக்கிழமைக்கு முன் வத்தளைக்கு ஒரு கோல் எடு. சுபாவிடம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் திட்டத்தை உன் வாயால் சொல். என்னிடம் சொன்ன அதே வசனம்தான். அப்பா அன்றைக்கு ரோட்டில் நின்று சொன்ன சொல்லை மட்டும் அதற்குள் வை. அவச்சொல் என்றால் பழி எனக்கு வரட்டும். "பிள்ளையைக் கூட்டிவர முன்னம் வீடு முழுக்க நஞ்சு அடிக்கப்போறன்" என்று சொல். சொல்ல உனக்கு வாய் வந்தால், அடி.

அம்மா